அணைப்பதற்கென்று ஒரு பொம்மை

வயது வந்தவர்கள் விலங்குப் பொம்மைகளைச் சேகரிப்பதில் இரண்டு வழிகள் உண்டு. கண்ணாடி அலமாரிக்காகச் சேகரிப்பது ஒரு வழி. அவ்வழியில் செல்பவர்களுக்குக் கழற்றப்படாத அட்டையும், தயாரித்த ஆண்டும், கைபடாத ரோமமுமே முதன்மையானவை. கைகளுக்குள் வைத்துக்கொள்வதற்காகச் சேகரிப்பது மற்றொரு வழி. நான் செல்வது அந்த வழி. கன்னத்தில் வைத்தால் உறுத்தாத துணியும், அணைத்தால் கைக்குள் அடங்கி வளையும் உடலும், நெஞ்சோடு சேர்க்கும்போது நம்மீது சாய்ந்து படியும் எடையும் ஒருங்கே அமைந்த பொம்மையைத்தான் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கேட்பதற்கு எளிய விருப்பமாகத்தான் தோன்றும். ஆயினும் விற்பனைக்கு வரும் பொம்மைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றையோ இரண்டையோ மட்டுமே கொண்டிருக்கின்றன.

இதற்கான காரணம் எனக்கு மெல்ல மெல்லத்தான் தெளிவாயிற்று. கடையில் நாம் பொம்மையை விரல்களால் தடவிப் பார்க்கிறோம்; தயாரிப்பவர்களும் விரல்களை மனத்தில் வைத்தே துணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தடவுவதற்கு மென்மையாக இருப்பது வேறு, அணைப்பதற்கு இணங்குவது வேறு. முன்னது துணியின் மேற்பரப்போடு முடிந்துவிடுகிறது. பின்னதைத் தீர்மானிப்பவை உள்ளே அடைத்த பஞ்சின் அளவு, எடை எங்கே இறங்கி நிற்கிறது என்பது, கழுத்து எவ்வளவு தளர்வாக இருக்கிறது என்பது, உடலின் நீளம் ஆகியவை. வெண்ணெய் போன்ற துணி போர்த்திய, உள்ளே கல்லாக இறுகிய முயல்களை நான் நிறையவே தூக்கிப் பார்த்திருக்கிறேன்.

பொம்மைக் கரடியின் வரலாறே அணைப்பை நோக்கி மிகத் தாமதமாக நகர்ந்த வரலாறுதான். ஜெர்மனியின் கீங்கன் நகரில், இளம்பிள்ளைவாதத்தால் நடக்க இயலாமற்போன மார்கரெட்டே ஷ்டைஃப் 1880-இல் கம்பளித் துணியில் சிறு யானைகளைத் தைத்தார். அவை ஊசி குத்தி வைப்பதற்கான மெத்தைகள். குழந்தைகள் அவற்றை விளையாட எடுத்துக்கொண்டதால் பொம்மைகளாயின. அவருடைய தம்பி மகன் ரிச்சர்ட் ஷ்டைஃப் 1902-இல் கைகால்களை அசைக்கக்கூடிய 55 சென்டிமீட்டர் உயரக் கரடியை வடிவமைத்தார். அதே ஆண்டு நவம்பரில், அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பி வேட்டையில் கட்டிவைக்கப்பட்ட கரடியைச் சுட மறுத்ததைக் கிளிஃபோர்ட் பெர்ரிமன் கேலிச்சித்திரமாக வரைய, அதைக் கண்டு புரூக்ளினில் மாரிஸ் மிச்டமும் அவர் மனைவி ரோஸும் தங்கள் கரடியைத் தைத்தார்கள். ரூஸ்வெல்ட்டின் செல்லப்பெயரான டெடி, கரடிக்குப் பெயராக நிலைத்தது அங்கிருந்துதான்.

அந்தக் காலத்துக் கரடிகள் எப்படி இருந்தன என்பதே நமக்கு முக்கியம். மேலே அங்கோரா ஆட்டின் ரோமத்தில் நெய்த மொஹேர். உள்ளே மிக மெல்லியதாகச் சீவிய மரச்சுருள். மொஹேர் பளபளப்பானது, நெடுங்காலம் உழைப்பது. ஆனால் அதன் அடித்துணி இறுக்கமான நெசவு, ஆகவே இழுத்தால் விட்டுக்கொடுக்காது. மரச்சுருளோ அழுத்தினால் நறநறவென்று ஒலி எழுப்பும், வளையாது. பழைய கரடி ஒன்றைக் கையில் எடுக்கும் வாய்ப்புக் கிடைத்தபோது அதன் முகத்தின் அழகில் என் மனம் நெகிழ்ந்தது. ஆனால் நெஞ்சோடு சேர்த்தபோது ஒரு மரச்சாமானை அணைத்த உணர்வே ஏற்பட்டது. குழந்தைகள் அதையும் அணைத்துத்தான் தூங்கினார்கள் என்பது அவர்களுடைய அன்பின் அளவைக் காட்டுகிறது; பொம்மை அதற்கு உதவவில்லை.

முதல் உலகப் போருக்குப் பிறகு இலவம் பஞ்சு பொம்மைகளுக்குள் பரவலாக வந்தது. நம் தலையணைகளால் நாம் நன்கறிந்த அதே பஞ்சுதான். அதன் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்று மட்டுமே கொண்ட குழாய். மேலே மெழுகுப் பூச்சு உண்டு. எனவே எடை மிகக் குறைவு, நீரும் எளிதில் ஏறாது. உயிர்காப்பு மிதவைகளில் அதைப் பயன்படுத்தியதும் இந்தக் காரணத்தால்தான். மரச்சுருளோடு ஒப்பிட்டால் இலவம் பஞ்சு பெரும் விடுதலை. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அது தூளாகிக் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும், துவைக்கவும் முடியாது. துவைக்கும் இயந்திரத்தில் போடக்கூடிய கரடியை 1954-இல் கொண்டுவந்த பெருமை பிரிட்டனைச் சேர்ந்த வெண்டி பாஸ்டனுக்கு உரியது. அதன் கைகால்கள் தனித்தனி மூட்டுகளாக இல்லாமல் உடலோடு சேர்த்தே வெட்டப்பட்டிருந்தன. துவைப்பதற்காகச் செய்த அந்த மாற்றம் அணைப்பையும் எளிதாக்கியது என்பதே என் கருத்து. விலாவில் அட்டை வட்டுகள் குத்தும் மூட்டுக் கரடியை இறுக அணைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அடுத்த பெரிய மாற்றம் துணியில் நிகழவில்லை, அடைக்கும் அளவில் நிகழ்ந்தது. 1898-இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனமான கண்ட், வேண்டுமென்றே குறைவாகப் பஞ்சடைத்த கரடிகளைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. 1993-இல் டை நிறுவனத்தின் பீனி பேபீஸ் வந்தபோது, பாதி காலியான உடலுக்குள் சிறு பிளாஸ்டிக் மணிகளை இட்டு, எப்படி வைத்தாலும் அப்படியே சாய்ந்து கிடக்கும் பொம்மைகளை அது பழக்கப்படுத்தியது. அவை அணைப்பதற்கு மிகச் சிறியவை. ஆயினும் பொம்மை விறைத்து நிற்கத் தேவையில்லை என்ற எண்ணத்தை உலகமெங்கும் கொண்டுசென்றவை. 1999-இல் லண்டனில் தொடங்கிய ஜெல்லிகேட், 2017-இல் வந்த ஸ்குவிஷ்மெல்லோ ஆகிய பெயர்களில் வரும் பொம்மைகளைப் பெரியவர்கள் வெளிப்படையாகவே தங்களுக்கென்று வாங்குகிறார்கள். இது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. பரிசுக்காக என்று பொய் சொல்லி வாங்க வேண்டிய காலம் கடந்துவிட்டது.

இனி, நான் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏனெனில் இந்தத் தேடலின் சுவை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

துணியை நான் உள்ளங்கையால் சோதிப்பதில்லை. முன்கையின் உட்புறத்தாலும் கன்னத்தாலும் சோதிக்கிறேன். இதற்கு உடலியல் காரணமும் உண்டு. மெதுவான வருடலை உணர்வதற்கென்றே நம் தோலில் தனி நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான வேகத்தில் நகரும் தொடுகைக்கு அவை மிக நன்றாகத் துலங்குகின்றன, தோலின் சூட்டை ஒத்த வெப்பத்தை விரும்புகின்றன, உள்ளங்கையைவிட ரோமமுள்ள தோலிலேயே மிகுதியாக இருக்கின்றன. விரல் நுனி ஒரு துணியின் நயத்தை ஆராயும். முன்கையும் கன்னமும்தான் அதன் இதத்தைச் சொல்லும். விரலுக்குப் பட்டாகத் தோன்றிய சில துணிகள் கன்னத்தில் வழுக்கி, சில்லென்று, அந்நியமாக உணர்த்தியிருக்கின்றன. விரலுக்குச் சாதாரணமாகப் பட்ட வேறு சில, கன்னத்தின் சூட்டை ஏற்றுக்கொண்டு சில நொடிகளிலேயே நமக்குச் சொந்தமாகிவிடுகின்றன.

ரோமத்தின் நீளத்தைப் பொறுத்தவரை எனக்கு உறுதியான கருத்து உண்டு. நீண்ட புசுபுசுவென்ற ரோமம் பார்ப்பவரை மயக்கும். ஆனால் அது மூக்கில் ஏறும், வியர்வையில் ஒட்டும், சில மாதங்களில் சிக்குப்பிடிக்கும். ஓரிரு மில்லிமீட்டர் நீளமேயுள்ள, அடர்ந்து நெருங்கிய குட்டை ரோமம் அணைப்பதற்கு ஏற்றது, நெடுநாள் தாங்கும். அடர்த்தியை அறிய ஓர் எளிய வழி, துணியை விரல்மேல் மடித்துப் பார்ப்பது. மடிப்பில் அடித்துணி வெளுப்பாகத் தெரிந்தால் அந்த ரோமம் விரைவில் படுத்துவிடும். அடித்துணி பின்னல் துணியா, நெசவுத் துணியா என்பதையும் பார்க்க வேண்டும். பின்னல் துணி நான்கு பக்கமும் சற்றே நீண்டு கொடுப்பதால் உள்ளிருக்கும் பஞ்சு நம் உடலின் வளைவுக்கு ஏற்ப நகர்கிறது.

ஆனாலும் துணியைவிட அடைப்பே பெரிது. இன்றைய பொம்மைகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் இருப்பது பாலியஸ்டர் பஞ்சு. சுருள் சுருளாக அலையோடிய இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதால்தான் அழுத்தியபின் பொம்மை மீண்டு எழுகிறது. சிலிக்கோன் பூசிய இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும். பூசாதவை பற்றிக்கொண்டு திரளும். தொழிற்சாலையில் இந்தப் பஞ்சைக் குழாய் வழியே காற்றோடு ஊதி உள்ளே செலுத்துகிறார்கள். கடைசித் திறப்பைப் பெரும்பாலும் முதுகுப்புறத்தில் கையால் தைத்து மூடுகிறார்கள். எவ்வளவு ஊதினோம் என்பது தொழிலாளியின் கையிலும் இயந்திரத்தின் அமைப்பிலும் இருக்கிறது. ஆகவே ஒரே பெயர், ஒரே வார்ப்பு, ஒரே துணி கொண்ட இரண்டு நாய்களில் ஒன்று தொளதொளவென்று கையில் வழிய, மற்றொன்று விறைத்து நிற்கும். அடுக்கில் ஒரே மாதிரியான பல பொம்மைகள் இருந்தால் முன்னால் இருப்பதை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் தூக்கிப் பாருங்கள். கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். உடன்வாழப் போவது நாம்தான்.

அடைப்பின் அளவு உடல் முழுவதும் ஒன்றாக இருப்பதும் சிறப்பன்று. கழுத்தில் கிட்டத்தட்ட பஞ்சே இருக்கக் கூடாது. கழுத்து தளர்ந்தால்தான் தலை நம் தோளில் சாயும். கழுத்தை விறைப்பாக அடைத்த பொம்மை, எவ்வளவு மென்மையான துணி போர்த்தியிருந்தாலும், அணைக்கும்போது நம் தாடையை முட்டித் தள்ளும். கைகள் உடலோடு சேரும் இடத்திலும் இப்படியே. வயிறும் பின்புறமும் சற்று நிறைந்திருக்கலாம், அங்கே எடைக்காகச் சில மணிகளும் இருக்கலாம். எடை கீழே இருந்தால் பொம்மை மடியில் அமரும். பாதங்களில் மட்டும் இருந்தால் தோளில் போட்டதும் கால்கள் தொங்கி உடலை இழுத்துச் சரித்துவிடும். எடை இதம் தரும் என்ற எண்ணத்தில் இப்போது மணிகளை நிறையப் போட்டு விற்கிறார்கள். அவற்றுள் பல, மார்பின்மேல் வைக்கையில் இதமாகத்தான் இருக்கின்றன. ஆனால் புரண்டு படுத்தால் மணிகள் ஒரு பக்கமாகக் குவிந்து, மறுபக்கம் வெறும் பையாகிவிடுகிறது. உள்ளே அறைகளாகப் பிரித்துத் தைத்திருந்தால் மட்டுமே அத்தகையதை வாங்குவேன்.

அளவு குறித்துப் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. பெரிதாக இருந்தால் அணைக்க இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். பெரிய பொம்மை தன் உருவத்தைத் தானே தாங்கி நிற்க வேண்டியிருப்பதால் அதை இறுக்கமாக அடைக்கிறார்கள். அளவு கூடக் கூட இறுக்கமும் கூடுகிறது. ஆளுயரக் கரடி சாய்ந்து உட்காரும் திண்டாகப் பயன்படும், அணைக்கும் துணையாக அமைவது அரிது. என் கைகளுக்கு 35 முதல் 45 சென்டிமீட்டர் வரை நீளமுள்ளவை மிகப் பொருத்தமாக இருக்கின்றன. ஒரு கை அதன் முதுகைச் சுற்றி வந்து மறுகையின் முழங்கையைத் தொட வேண்டும். அதுவே என் அளவுகோல். உட்கார்ந்த நிலையில் தைத்தவற்றைவிடக் குப்புறப் படுத்த நிலையில் தைத்தவை மேலானவை, ஏனெனில் அவற்றின் வயிறு தட்டையாக நம் மார்பில் பொருந்துகிறது. கண்களும் மூக்கும் நூலால் பின்னப்பட்டிருந்தால் இரவில் கன்னத்தில் அழுந்தாது. பளபளக்கும் பிளாஸ்டிக் கண்கள் முகத்துக்கு உயிர் தருகின்றன என்பதையும் மறுக்க மாட்டேன். என்னிடம் உள்ள ஒரு கரடியை அதன் கண்களுக்காகவே வாங்கினேன்.

தொட்டுப் பார்க்க முடியாமல் இணையத்தில் வாங்கும்போது இத்தனையையும் படத்திலிருந்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது. அழகாக நிமிர்ந்து நிற்கும் படம் எனக்கு எச்சரிக்கை. சரிந்து கிடக்கும் படம் நல்ல அறிகுறி. இடுப்பிலும் கழுத்திலும் துணி சுருக்கம் விழுந்திருக்கிறதா, காதுகள் தாமாகத் தொங்குகின்றனவா, உட்கார்ந்த பொம்மையின் தலை முன்னால் கவிழ்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பயன்படுத்திய பொம்மையை விற்பவர்களிடம் இரண்டே கேள்விகள் கேட்பேன்: வயிற்றில் கட்டைவிரலை முழுதாக அழுத்தினால் முதுகுத் துணி விரலுக்குத் தட்டுப்படுகிறதா, ஒரு காலைப் பிடித்துத் தூக்கினால் உடல் மடிகிறதா. இக்கேள்விகளைக் கேட்டு வியப்படைபவர்கள் பலர். ஆனால் பொறுமையாகச் சோதித்துப் பதில் எழுதியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் தன் மகள் வளர்ந்துவிட்டதாகவும், பொம்மை அணைக்கப்படும் இடத்துக்கே போக வேண்டும் என்று தான் விரும்பியதாகவும் எழுதியிருந்தார். அந்தக் குரங்கு இன்று என்னிடம் இருக்கிறது.

வயது வந்த ஒருவருக்கு இது ஏன் தேவை என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. 1958-இல் வெளியான, அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோவின் குரங்குக் குட்டி ஆய்வுகள் பலருக்கும் தெரிந்தவை. கம்பியால் செய்த, பால் தந்த போலித் தாயிடம் குடிக்க மட்டும் சென்றுவிட்டு, மீதி நேரமெல்லாம் துணி போர்த்திய போலித் தாயையே குட்டிகள் பற்றிக்கொண்டிருந்தன. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட அந்தக் குட்டிகளை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. ஆயினும் தொடுகையின் இதம் உணவுக்கு அடுத்தபடியான ஆடம்பரம் அன்று, தன்னளவிலேயே ஓர் அடிப்படைத் தேவை என்பதை அவை ஐயமற நிறுவின. பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட், குழந்தை விடாமல் பற்றிக்கொள்ளும் போர்வையையும் பொம்மையையும் தாய்க்கும் வெளியுலகுக்கும் இடைப்பட்டவையாகக் கருதி எழுதினார். குழந்தை வளர வளர அவை தாமாகவே முக்கியத்துவம் இழந்துவிடும் என்பது அவர் பார்வை. என் அனுபவம் அப்படியில்லை. நாள் முழுவதும் பிறருக்காக விழிப்போடு இருந்த உடலுக்கு, எதையும் திருப்பிக் கேட்காத ஒரு மென்மையான எடை இரவில் தேவைப்படுகிறது. தோல் வயதை அறியாது.

அணைக்கும் பொம்மை தேயும். அதைத் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். ரோமத்தைக் கெடுப்பவை அழுக்கைவிட உராய்வும் சூடும்தான். பாலியஸ்டர் ஏறத்தாழ 70 முதல் 80 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். அந்த நிலையில் வளைந்த இழை, ஆறியதும் அந்த வளைவோடே நின்றுவிடும். சூடான உலர்த்தியிலிருந்து எடுத்த பொம்மை சொரசொரப்பாவது இதனால்தான். அதன் பிறகு எவ்வளவு வாரினாலும் பழைய மென்மை திரும்பாது. தலையணை உறைக்குள் போட்டு முடிச்சிட்டு, குளிர்ந்த நீரில் குறைந்த வேகத்தில் துவைத்து, நிழலில் தட்டையாகக் கிடத்தி, பாதி ஈரத்தில் மென்மையான தூரிகையால் ரோமம் படியும் திசையிலும் எதிர்த்திசையிலும் வாரிவிட்டால் போதும். துணி மென்மையாக்கும் திரவத்தை நான் பயன்படுத்துவதில்லை. அது இழைகளில் படலமாகப் படிந்து, ரோமத்தை எண்ணெய்ப் பிசுக்கு ஏறியதுபோல் கனக்கச் செய்கிறது.

சேகரிப்பாளர்களிடையே எனக்குப் பெரிய கருத்து வேறுபாட்டை ஏற்படுத்திய செயல் ஒன்று உண்டு. இறுக்கமாக அடைத்த பொம்மையை வாங்கி, முதுகில் கையால் தைத்த அந்தத் திறப்பை மட்டும் பிரித்து, கழுத்திலிருந்தும் தோள்களிலிருந்தும் பஞ்சை எடுத்துவிட்டு மீண்டும் தைக்கிறேன். பிரித்துவிட்டால் அது அசல் பொம்மை அன்று, மறுவிற்பனை மதிப்பு போய்விடும், வடிவமைத்தவரின் எண்ணத்துக்கு எதிரானது என்றெல்லாம் சொல்கிறார்கள். நூறாண்டு பழைய மொஹேர்க் கரடியை ஒருவர் இப்படிப் பிரித்தால் நானும் எதிர்ப்பேன். அது வரலாற்றுச் சான்று. ஆனால் நேற்று ஆயிரக்கணக்கில் தைக்கப்பட்ட பொம்மை ஒன்றின் கழுத்திலிருந்து இரண்டு கைப்பிடிப் பஞ்சை எடுத்தால், அலமாரியில் நின்றே காலம் கழிக்க வேண்டியிருந்த அது அணைப்புக்கு உரியதாகிறது. பஞ்சை எடுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பொம்மையைத் தோளில் போட்டுப் பார்க்க வேண்டும். தலை தானாகச் சாயும் அந்த நிலை வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் கழுத்துத் துணி முறுக்கிக்கொள்ளும். தைக்கும்போது ரோமத்தை ஊசியால் தையலுக்கு வெளியே இழுத்துவிட்டால் பிரித்த தடமே தெரியாது.

இப்போது நான் தேடிக்கொண்டிருப்பது ஒரு கடற்பசு. கரடி, முயல், நாய் ஆகியவற்றில் நல்லவை கிடைத்துவிட்டன. கடற்பசுவைச் செய்பவர்கள் குறைவு. செய்பவர்களும் அதன் உருண்ட உடலைக் காட்டுவதற்காக உருளைத் தலையணைபோல் இறுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அணைப்பதற்கு அதைவிடப் பொருத்தமான உடலமைப்பு வேறு விலங்குக்கு இல்லை என்று நினைக்கிறேன்: இடைஞ்சலாகக் கால்கள் இல்லை, நீண்ட சரிவான முதுகு, தட்டையான வயிறு, தோளில் படியக்கூடிய அகன்ற முகவாய், பக்கவாட்டில் நம் கையின்மேல் விழும் இரண்டு துடுப்புகள். குட்டை ரோமம், பின்னல் அடித்துணி, நூலில் பின்னிய சிறிய கண்கள், 40 சென்டிமீட்டருக்கு மிகாத நீளம், வயிற்றில் மட்டும் அறை பிரித்துத் தைத்த சிறிதளவு எடை. நிறம் சாம்பலாகவோ பழுப்பாகவோ இருக்கலாம். முதுகுத் தையல் கையால் போட்டதாக இருந்தால், அடைப்பு இறுக்கமாக இருந்தாலும் வாங்கிவிடுவேன்.